கல்யாண வீடியோவுக்கு 22 கோர் பழைய ஜியானா, 6 கோர் புது ரைசனா?

கேமரா கண்ணன், பிறை:
வணக்கம். கல்யாணம், சடங்கு, பிறந்தநாள் என்று வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பது என் தொழில். கணினி மூச்சு வாங்குகிறது. ப்ராசசர், போர்டு, ரேம் மூன்றுக்கும் சேர்த்து 1500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஒதுக்கி வைத்திருக்கிறேன். கண்ணில் பட்டது இரண்டு. ஒன்று ஏஎம்டியின் ரைசன் 5 5600: 6 கோர் (சில்லுக்குள் வேலை செய்யும் மூளைகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), புதுசு, வாரண்டி உண்டு. இன்னொன்று ஆன்லைனில் ஒருவர் விற்கும் பழைய செட்: இன்டெல்லின் சர்வர் சில்லு ஜியான் இ5-2699 வி4, 22 கோர், 44 திரெட், எக்ஸ்99 போர்டு, 128 ஜிபி ரேம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். 22 பெரிதா 6 பெரிதா என்றால் பாலர் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், ஆனாலும் உறுத்துகிறது. எடிட்டிங்குக்குப் பிரீமியர் ப்ரோ பயன்படுத்துகிறேன். ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. எதை வாங்கலாம்?

குரு, ஆயர் ஈத்தாம்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? ஜியானை எடுங்கள். 2016-இல் வெளிவந்தபோது அந்த ஒரு சில்லுக்கு இன்டெல் போட்ட விலை 4115 அமெரிக்க டாலர். 55 எம்பி எல்3 கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), நான்கு மெமரி சேனல் (ரேமுக்கான பாதை), 40 பிசிஐஇ லேன் (கார்டுகளுக்கான பாதை). ரைசனில் மெமரி சேனல் இரண்டுதான். என் வீட்டில் இதே சில்லு இரவு பகலாக ஓடுகிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் போட்டு, அதற்குள் விர்ச்சுவல் மெஷின்களை (ஒரே பெட்டிக்குள் பல கணினிகள் மாதிரி) வரிசையாக ஏற்றி வைத்திருக்கிறேன், கோப்பு சர்வர் உட்பட. அசைந்து கொடுத்ததே இல்லை. அதன் மூடியில் மலேசியா என்று வேறு பொறித்திருக்கிறது. நம்ம பினாங்குச் சரக்கு லா!

மின்னல் மணி, பாயான் பாரு:
ஊர்ப் பாசத்தில் ப்ராசசர் வாங்கினால் உருப்பட்ட மாதிரிதான் அண்ணே. இன்டெல் பினாங்குக்கு வந்தது 1972. ஏஎம்டி வந்ததும் அதே வருடம்தான். பாசம் சரிக்குச் சமம்.

விஷயத்துக்கு வருகிறேன். 22 கோரும் ஒன்றாக வேலை செய்யும்போது அந்த ஜியான் 2.8 கிகாஹெர்ட்ஸில் ஓடும். ஓரிரு கோர் மட்டும் ஓடினால் 3.6 வரை போகும். 5600-இன் உச்சம் 4.4. அதோடு, ரைசனின் ஜென் 3 கோர் ஒரு கடிகாரத் துடிப்பில் முடிக்கும் வேலையும் ஜியானின் பிராட்வெல் கோரைவிட அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முழு லோடில் ஒரு ரைசன் கோர் சுமாராக இரண்டு ஜியான் கோருக்குச் சமம்.

குரு, ஆயர் ஈத்தாம்:
நீ சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 6-ஐ இரண்டால் பெருக்கினால் 12. என்னிடம் இருப்பது 22. அப்புறம் என்ன?

மின்னல் மணி, பாயான் பாரு:
வேலை முழுக்க முழுக்கப் பிரித்துப் போடக்கூடியதாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் சொன்ன விஷயம் இங்கேதான் வந்து நிற்கிறது. ஜியானின் ஒரே கோர் 100 நிமிடத்தில் முடிக்கிற ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 90 நிமிடத்தை எத்தனை கோருக்கும் பங்கு போடலாம், மீதி 10 நிமிடம் ஒரே கோரில்தான் ஓடும் என்று வைப்போம்.

22 கோரில் அந்த 90 நிமிடம் 4 சொச்சமாகச் சுருங்கிவிடும். 10 அசையாது. மொத்தம் 14 நிமிடம். ரைசனுக்கு 90-ஐ ஆறாக வகுத்தால் 15, அதோடு 10 சேர்த்தால் 25. கோர் எல்லா நேரமும் இரண்டு மடங்கு வேகம் என்று வைத்தால் அதில் பாதி, பன்னிரண்டரை நிமிடம். ஆறு கோர் முந்திவிட்டது.

பங்கு போட முடியாத பகுதி 1 நிமிடம் மட்டும் என்றால் ஆட்டம் தலைகீழ். ஜியான் ஐந்தரை நிமிடத்தில் முடிக்கும், ரைசனுக்கு எட்டே முக்கால் ஆகும். அதனால் எத்தனை கோர் என்று எண்ணுவதற்கு முன்னால், கண்ணனின் வேலை இதில் எந்த ரகம் என்று பார்க்க வேண்டும்.

செல்வா, சுங்கை டுவா:
ஜியான் 145 வாட், ரைசன் 65 வாட். கரண்ட் பில்லைப் பார்த்தால் கண்ணன் கேமராவை விற்க வேண்டிவரும் 😂

குரு, ஆயர் ஈத்தாம்:
கணக்குப் போட்டுவிட்டுச் சிரி செல்வா. வித்தியாசம் 80 வாட். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 30 நாள், எல்லா நேரமும் முழு லோடில் ஓடினாலும் 19 யூனிட் சொச்சம். யூனிட் 44 காசு என்று போட்டால் எட்டரை வெள்ளி. நீ ஒரு வேளை நாசி கண்டாருக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்கிறாய்.

மின்னல் மணி, பாயான் பாரு:
பில்லைவிட எனக்குச் சூடுதான் கவலை. ஏர்கான் போடாத அறையில், மத்தியான வெயிலில் 145 வாட் சில்லு எக்ஸ்போர்ட் செய்யும்போது அதன் காற்றாடி போடுகிற சத்தத்தில் வீடியோவின் ஆடியோவைக் கேட்டு வெட்ட முடியாது. கண்ணனுக்கு நாதஸ்வரமும் வேண்டும், மண்டபத்து மைக்கில் மாமா பேசுவதும் வேண்டும்.

லதா, பிரிக்ஃபீல்ட்ஸ்:
கோலாலம்பூரிலிருந்து நானும் நுழைகிறேன். முப்பரிமாண அனிமேஷன் என் வேலை. இரண்டு ரகத்தையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டரை (காட்சியைப் படமாக்கும் வேலையை) ப்ராசசரில் விட்டால் குரு அண்ணன் சொல்வது அப்படியே உண்மை. படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒவ்வொரு திரெட்டும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது மிகக் குறைவு. 44 திரெட்டும் 100 சதவீதத்தில் நிற்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அதே ரெண்டரை நல்ல ஆர்டிஎக்ஸ் கார்டில் விட்டால் இரண்டு ப்ராசசரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதனால் இன்று அந்தக் காரணத்துக்காகப் பழைய ஜியான் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கார்டின் மெமரிக்குள் அடங்காத பெரிய காட்சி என்றால் மட்டும் ப்ராசசருக்குத் திரும்புவேன்.

எடிட்டிங் வேறு கதை. எங்கள் ஸ்டூடியோவில் ஒரு ஜியான் பெட்டியில் பிரீமியரைத் திறந்து, டைம்லைனில் விரலை வைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். படம் ஒரு வினாடி உறைகிறது, தாவுகிறது, மறுபடி உறைகிறது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் 44 சின்னக் கட்டங்கள், அதில் மூன்று நான்குதான் மேலே ஏறி நிற்கின்றன. மற்றவை தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன. ப்ராசசர் பயன்பாடு மொத்தம் 10 சதவீதம்கூட இல்லை. நானோ மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

கேமரா கண்ணன், பிறை:
லதாக்கா, அது ஏன் அப்படி? சும்மா இருக்கிற கோர்கள் உதவிக்கு வரலாமே?

லதா, பிரிக்ஃபீல்ட்ஸ்:
வீடியோவைச் சுருக்கி வைக்கும் ஹெச்.264, ஹெச்.265 முறைகள் எல்லாம் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப் படமாக வைப்பதில்லை தம்பி. ஒரு முழுப் படம், அதற்கு அடுத்து வருபவை பெரும்பாலும் "முன்னதிலிருந்து இது இது மாறியது" என்ற குறிப்புகள். நடுவில் ஒரு ஃப்ரேமைக் காட்டச் சொன்னால், அந்தக் கூட்டத்தின் முதல் படத்துக்குப் போய் அங்கிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும். பத்தாவது ஃப்ரேம் ஒன்பதாவதற்காக நிற்கும். இந்தச் சங்கிலியில் 22 பேரை நிறுத்தினாலும் ஒரு சிலருக்குத்தான் வேலை.

செல்வா, சுங்கை டுவா:
அப்படியென்றால் இரண்டு ஜியான் போட்ட போர்டு வாங்கினால்? 44 கோர், 88 திரெட்! அதுவும் விற்கிறார்கள்.

லதா, பிரிக்ஃபீல்ட்ஸ்:
இன்னும் மோசம். விண்டோஸ் 64 லாஜிக்கல் ப்ராசசரை (அதாவது திரெட்டை) ஒரு குழுவாகப் பிரிக்கும். அதைத் தெரிந்து எழுதாத பழைய மென்பொருள் ஒரே குழுவுக்குள் மாட்டிக்கொள்ளும், பாதிக் கோரைத் தொடவே தொடாது. விண்டோஸ் 11-இல் இதைக் கொஞ்சம் சரி செய்தார்கள். ஆனால் அந்த ஜியானை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தவிர, பக்கத்துச் சாக்கெட்டில், அதாவது இன்னொரு ப்ராசசரிடம், தொங்கும் ரேமிலிருந்து தரவு வர வேண்டுமென்றால் அதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

குரு, ஆயர் ஈத்தாம்:
எல்லாரும் சேர்ந்து என் ஜியானுக்கு மாலை போட்டுப் படம் மாட்டிவிடுவீர்கள் போலிருக்கிறது. ஒன்றை மறந்துவிட்டீர்கள். ப்ராக்ஸி! கண்ணன் மண்டபத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிளிப்போடு வீட்டுக்கு வருகிறார். ஒரே கிளிப்பைப் பிரிப்பதுதான் லதா சொல்கிற சங்கிலி. ஒரு கிளிப்புக்கும் இன்னொரு கிளிப்புக்கும் என்ன சம்பந்தம்? எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஒரே நேரத்தில் ஐந்தாறு கிளிப்பை ஓடவிட்டால் 22 கோரும் நிரம்பிவிடும். இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் எல்லாவற்றுக்கும் லேசான நகல் தயார். அந்த நகலை வைத்து எடிட் செய்தால் எந்த டைம்லைனும் வெண்ணெய் மாதிரி ஓடும். ஆம்டாலே வந்தாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மின்னல் மணி, பாயான் பாரு:
இது நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். கண்ணன், இரவு போட்டுவிட்டுத் தூங்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா? என்ன கேமரா, என்ன ஃபார்மட்?

கேமரா கண்ணன், பிறை:
சோனி ஏ7 4. எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ், 4கே, 10 பிட், 4:2:2. மருமகன் சொல்லி அப்படி வைத்தேன், நிறம் திருத்த நன்றாக இருக்கிறது.

தூக்கம் எங்கே அண்ணே? காலையில் கோயிலில் தாலி கட்டு, ராத்திரி மண்டபத்தில் டின்னர். அதே ராத்திரி பெரிய திரையில் காலை நிகழ்ச்சியின் மூன்று நிமிடத் தொகுப்பு ஓட வேண்டும் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். நடுவில் கிடைப்பது நாலைந்து மணி நேரம்.

மின்னல் மணி, பாயான் பாரு:
முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது லா. எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் என்றால் ஹெச்.265. அதோடு 10 பிட், 4:2:2 (4:2:0-ஐவிட நிற விவரம் அதிகம்). இது தனி ரகம். உங்கள் 3060 கார்டின் டிகோடர் (சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் பகுதி) 4:2:0-ஐப் பிரிக்கும், 4:2:2-ஐப் பிரிக்காது. அதனால் மொத்தச் சுமையும் ப்ராசசர் தலையில் விழுகிறது. உங்கள் கணினி மூச்சு வாங்குவது இதனால்தான். ஜியானிலும் ரைசன் 5600-இலும் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, எனவே இரண்டுமே இதை மென்பொருளால் பிரித்துத்தான் தீர வேண்டும். ரைசன் சமாளிக்கும், ஆனால் திணறும்.

இந்தச் சண்டையில் யாரும் பேசாத மூன்றாவது ஆள் இன்டெல் ஐ5-12400. 6 கோர், 12 திரெட், 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை, விலையும் இதே வட்டாரம். அதன் உள்ளே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸில் குயிக் சிங்க் என்ற வீடியோ எஞ்சின் இருக்கிறது. அது ஹெச்.265 10 பிட் 4:2:2-ஐ வன்பொருளிலேயே பிரித்துவிடும். பிரீமியரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். கோர்கள் மற்ற வேலையைப் பார்க்கட்டும்.

குரு, ஆயர் ஈத்தாம்:
அப்போது 22-உம் தோற்றது, உன் ரைசனும் தோற்றது. கார்டை மாற்றினால் இந்தப் பிரச்சினையே இல்லையே? ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2-ஐப் பிரிக்கிறது.

மின்னல் மணி, பாயான் பாரு:
பிரிக்கும். ஆனால் புதுக் கார்டு வாங்கிய பிறகு 1500 வெள்ளியில் ப்ராசசருக்கும் போர்டுக்கும் ரேமுக்கும் என்ன மிச்சம் இருக்கும்?

குரு, ஆயர் ஈத்தாம்:
இருந்தாலும் 128 ஜிபி ரேமை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வயிறு எரிகிறது. விர்ச்சுவல் மெஷினுக்கோ பெரிய டேட்டாபேஸுக்கோ யாராவது கேட்டால் நான் மறுபடி ஜியான்தான் சொல்வேன். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும் இடத்துக்குச் செய்த சில்லு அது. கண்ணன் வீட்டில் தட்டுவது ஒரே ஆள்.

லதா, பிரிக்ஃபீல்ட்ஸ்:
அந்த 128 ஜிபி பெரும்பாலும் சர்வருக்கான ரெஜிஸ்டர்ட் இசிசி ரேமாக இருக்கும். நாளைக்கு அதைக் கழற்றி ஐ5 போர்டிலோ ரைசன் போர்டிலோ போட முடியாது. பழைய சர்வரிலிருந்து வருவதால்தான் அத்தனை மலிவு. இன்னொன்று, அந்த எக்ஸ்99 போர்டுகளில் பல, பழைய டெஸ்க்டாப் சிப்செட்டைப் பிடுங்கி ஒட்டியவை. பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் யாரிடம் கேட்பது?

கேமரா கண்ணன், பிறை:
ஐ5-12400, 32 ஜிபி ரேம். முடிவு செய்துவிட்டேன். இந்த வாரக் கடைசியில் பினாங்கு கொம்தார் கட்டடம் பக்கம் கடையில் போய்க் கேட்கிறேன். ஆன்லைன் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, அவர் பதிலே போடவில்லை.

மின்னல் மணி, பாயான் பாரு:
பெட்டியில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருக்கக் கூடாது. 12400எஃப் கொஞ்சம் மலிவு என்று கடைக்காரர் அதைத்தான் முதலில் நீட்டுவார், "உங்களிடம்தான் கார்டு இருக்கிறதே" என்பார். எஃப் என்றால் உள் கிராஃபிக்ஸ் செத்தது, குயிக் சிங்க்கும் கிடையாது. காசு இடம் கொடுத்தால் 12500 கேளுங்கள். 12400-இல் வீடியோ எஞ்சின் ஒன்று, அதில் இரண்டு.

வீட்டுக்கு வந்து கார்டைச் செருகியதும் பயாஸ் உள் கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடலாம். உள்ளே போய் அதை ஆன் செய்துவிட்டு, பிரீமியரின் மீடியா அமைப்பில் இன்டெல் டிகோடிங்குக்கு டிக் போடுங்கள். அப்புறம் உங்கள் கிளிப் ஒன்றை டைம்லைனில் போட்டு ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் இன்டெல் கிராஃபிக்ஸின் வீடியோ டிகோட் கோடு ஏறுகிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு இங்கேயே போடுங்கள்.