நிக்கல் பூசிய பழைய ரிவால்வர்: மெருகேற்றலாமா, அப்படியே விடலாமா?

வெள்ளிமுனை எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 0.38 அங்குல ரக இரட்டை இயக்க (விசையை இழுத்தாலே சுத்தியல் பின்வாங்கி அடிக்கும்) ரிவால்வர் ஒன்று, அதாவது மேற்புறத் தாழை உயர்த்திக் குழலைக் கீழே மடித்துத் திறக்கும் பழைய வகை, உரிய உரிமத்துடன் அண்மையில் என் சேகரிப்பில் சேர்ந்துள்ளது. நிக்கல் பூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சிலிண்டரின் ஒரு பக்கம் பால் படிந்தாற்போல் மங்கியிருக்கிறது. குழல் முனையருகே குண்டூசித் தலை அளவில் சில பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. அவற்றுள் ஒன்றைச் சுற்றிப் பூச்சு சற்றே உப்பியுள்ளது. இப்பூச்சு தொழிற்சாலையில் இட்டதுதானா, பின்னர் எவரேனும் பூசியதா என்பதை எவ்வாறு அறிவது? கடையில் கிடைக்கும் உலோக மெருகுப் பசையைக் கொண்டு மங்கலைப் போக்கலாமா?

பழங்குழல் எழுதியது:
முதலில் சுத்தியலையும் விசையையும் பாருங்கள். அந்நிறுவனம் 1880இல் இந்த வகையை வெளியிட்ட காலத்தில், நிக்கல் பூசிய துப்பாக்கிகளிலும் சுத்தியலும் விசையும் பூச்சின்றி, கடினமாக்கும்போது தோன்றும் நீலமும் பழுப்பும் கலந்த நிறத்துடனேயே விடப்பட்டன. விசையைச் சூழ்ந்த காப்பு வளையம் நீலமேற்றப்பட்டிருக்கும். இம்மூன்றும் சேர்ந்து வெள்ளையாக மின்னினால், பின்னாளில் யாரோ முழுத் துப்பாக்கியையும் முலாம் தொட்டியில் இறக்கிவிட்டார் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

அடுத்து, குழலின் மேலுள்ள காப்புரிமை எழுத்துகளை உருப்பெருக்கியில் பாருங்கள். மறுபூச்சுக்கு முன் உலோகத்தை அரைத்துத் தேய்ப்பதால் எழுத்துகளின் ஓரம் மழுங்கும், திருகுத் துளைகளின் விளிம்பு கிண்ணம்போல் குழியும். துருக்குழியின் அடிவரை நிக்கல் இறங்கியிருந்தால் ஐயத்திற்கே இடமில்லை, துரு முந்தியது, பூச்சு பிந்தியது. நிறமும் சான்று தரும். நிக்கலில் மெல்லிய மஞ்சள் சாயல் உண்டு. குரோமியம் நீலம் கலந்த குளிர்ந்த வெண்மை. குரோமிய முலாம் தொழில்முறையில் பரவியது 1920களில்தான் என்பதால், அதற்கு முந்தைய துப்பாக்கியில் அது இருந்தால் நிச்சயம் பிற்சேர்க்கையே.

பிடியின் அடியிலுள்ள வரிசை எண்ணருகே நட்சத்திர முத்திரை இருந்தால், துப்பாக்கி தொழிற்சாலைக்கே திரும்பிச் சென்று செப்பனிடப்பட்டது என்று பொருள். அத்தகைய மறுபூச்சைச் சேகரிப்பாளர்கள் அவ்வளவு இழிவாகக் கருதுவதில்லை.

முலாம்_பித்தன் எழுதியது:
மேலே கூறியவை சரியே. நான் பராமரிப்பை மட்டும் சொல்கிறேன். மெருகுப் பசையைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது தேய்த்தே பளபளப்பாக்குகிறது, இப்பூச்சோ மிக மெல்லியது, விளிம்புகளில் இன்னும் மெல்லியது. அடியிலுள்ள எஃகு ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் நிலைமை தலைகீழாகும். துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கும், நிக்கல் அவ்வாறு செய்யாது. ஈரம் பட்டால் இரும்பே முதலில் அரியும். ஆதலால் ஊசிமுனைத் துளை வழியே புகும் ஈரம், மேலே வெள்ளி போல் மின்னும் தோலுக்கடியில் துருவாகப் பரவி, பூச்சை உப்பச் செய்து, பின் செதிலாக உரித்துவிடும். உங்கள் குழல் முனையில் நிகழ்வது இதுவே.

அப்புள்ளிகளின்மீது மெல்லிய எண்ணெயை இட்டுச் சில நாள் ஊறவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியின் முனையால் மெதுவாகத் துருவை நெம்பி எடுங்கள். உப்பிய இடத்தைக் குத்திப் பார்க்க வேண்டாம். இரும்புப் பஞ்சு கூடவே கூடாது. குழலின் உட்புறத்திற்கு அம்மோனியா கலந்த செம்பு நீக்கிகளைத் தவிருங்கள். பூச்சுக்கு அடியில் செம்புப் படலம் இருந்தால், அம்மோனியா விரிசல் வழியே இறங்கி அச்செம்பைக் கரைத்து நிக்கலைத் தூக்கிவிடும். மேலும் இந்த ரகத்திற்கு அக்காலத்தில் வந்தவை செம்பு உறையற்ற ஈயக் குண்டுகள். குழலில் செம்பே படியாதபோது செம்பு நீக்கி எதற்கு?

வட்டத்தோட்டா எழுதியது:
சற்றே மாறுபடுகிறேன். சோதனையில் அது மறுபூச்சு என்று தெளிவானால், துகளற்ற மென்பசையால் மங்கலைத் துடைப்பதில் பெரிய இழப்பு இல்லை. மூலப் பூச்சாக இருந்தால் மட்டுமே அந்தப் பால்நிற மங்கலுக்கு மதிப்பு. ஆனால் அதை உரித்துப் புதிதாகப் பூசும் யோசனையை எந்நிலையிலும் கைவிடுங்கள். எழுபது விழுக்காடு எஞ்சிய மூலப் பூச்சை, கண்ணாடிபோல் மின்னும் புதுப் பூச்சைக் காட்டிலும் மேலாகவே நான் வைப்பேன்.

வெள்ளிமுனை எழுதியது:
மிக்க நன்றி. சுத்தியலில் பழுப்பு நிறம் தெளிவாகத் தெரிகிறது, காப்பு வளையத்தில் நீலம் பாதி எஞ்சியுள்ளது, எழுத்துகளும் கூர்மையாகவே உள்ளன. நட்சத்திரம் இல்லை. எனவே மங்கலைத் தொடப்போவதில்லை. இதனுடன் வந்த பழைய தோல் உறைக்குள்ளேயே வைத்திருக்கலாமா?

முலாம்_பித்தன் எழுதியது:
உறையையும் துப்பாக்கியையும் உடனே பிரித்து வையுங்கள். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் தங்கியிருக்கும், ஈரத்தையும் அது பிடித்து வைக்கும். இத்தகைய ரிவால்வர்களில் துருப்புள்ளிகள் உறை அழுந்தும் இடங்களிலேயே மிகுதியாகத் தோன்றுவதைப் பார்க்கலாம். துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதி செய்தபின், பருத்திக் கையுறையணிந்து கைரேகைகளைத் துடைத்துவிட்டு, நுண்படிக மெழுகை மிக மெல்லிய படலமாகப் பூசுங்கள். அருங்காட்சியகங்களில் பயன்படும் மெழுகு அதுதான். எண்ணெய்போல் வழிந்தோடாது, தூசியையும் இழுக்காது. பூச்சு உப்பிய இடத்தில் மட்டும் துணியை அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். கைப்பிடி கருமையான கடின ரப்பராக இருந்தால் வெயில் படாமல் பாருங்கள், வெளிச்சத்தில் அது பழுப்பாகிவிடும். பூட்டிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையுடன் ஈரப்பதமானி ஒன்றையும் வைத்து, ஒப்பு ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டினால் பையை மாற்றுங்கள்.