இருள் மிகுபுனைவில் மனிதனோடு பிணையும் அமானுட உயிர்கள்: கட்டை அவிழ்க்கும் உரிமை யாருக்கு?

கருங்குயில்

இருள் மிகுபுனைவு (டார்க் ஃபேண்டசி) எழுதுகிறவர்களில் பலர் ஒரே தடத்தில் போகிறார்கள். காயம்பட்டுக் கிடக்கும் அமானுட உயிர் ஒன்றை நாயகன் காப்பாற்றுவான். அது அவனோடு பிணைந்துவிடும். பிறகு அவன் சினந்தால் அது உறுமும், அவன் அழுதால் மடியில் தலைவைக்கும். ஊர் ஊராக எரிந்து, அரசன் முதல் பூசாரி வரை கெட்டுப்போன உலகில் இந்த உறவில் மட்டும் ஒரு கறையும் இருக்காது. எனக்கு இது பொய்யாகப் படுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த உயிர் விலகிப்போக நினைத்தால் போக முடியுமா? முடியாது என்றால் அது அடிமை. அடிமைக்கு எசமானன் மேல் பாசம் வந்ததைக் காட்டி, அதனாலேயே அவன் அடிமை இல்லை என்று வாசகனை நம்பவைப்பது கொடுமை.

பழைய கதைசொல்லிகளுக்கு இதில் நேர்மை இருந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் வழங்கும் செல்கி கதைகளைப் பாருங்கள். கடலில் சீல் என்னும் கடல்நாயாக வாழும் பெண் கரையேறித் தோலைக் கழற்றி வைக்கிறாள். ஒருவன் அதை எடுத்து ஒளித்துவிடுகிறான். போக்கிடம் இல்லாமல் அவனுக்கு மனைவியாகிறாள், பிள்ளைகள் பிறக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தோல் கைக்குக் கிடைத்ததும் கடலுக்குள் போய்விடுகிறாள். பல வடிவங்களில் பிள்ளைகளைப் பிரிய வருந்துகிறாள், ஆனாலும் போகிறாள். அந்த வீட்டில் அன்பே இருந்திருக்கலாம். தோல் ஒளிந்திருந்த இடத்தைத்தான் கதை மறக்க மறுக்கிறது.

தனிவழி

கருங்குயில் அவர்களே, கட்டு ஒரு பக்கம் மட்டும் இறுகும் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? நம் வேதாளக் கதையையே எடுத்துக்கொள்வோம். சுடுகாட்டு மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டு நடக்கிறான் விக்கிரமாதித்தன். விடை தெரிந்தும் வாய்திறக்காவிட்டால் அவன் தலை சுக்குநூறாகும். வாய்திறந்தால் வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிவிடும், அவன் திரும்ப நடக்க வேண்டும். மந்திரவாதிக்குக் கொடுத்த வாக்கு அவனைக் கட்டியிருக்கிறது. அவனும் கைதிதான்.

அந்த இறுக்கத்துக்குள்தான் உறவு வளர்கிறது. கதை கதையாகக் கேட்டு அவன் நீதியை எடைபோட்ட வேதாளம், கடைசியில் மந்திரவாதி அவனையே பலியிடப்போகிறான் என்று எச்சரிக்கிறது. இருவருக்கும் வெளியேற வழி இருந்திருந்தால் முதல் இரவோடு கதை முடிந்திருக்கும். இருள் உலகத்துக்குப் பூட்டு வேண்டும். பூட்டிய அறைக்குள் பிறக்கும் நம்பிக்கைதான் எனக்குப் பெரிது. எப்போது வேண்டுமானாலும் பிரியலாம் என்ற ஏற்பாட்டில் அச்சம் எங்கே இருக்கிறது?

கருங்குயில்

தனிவழி எழுதியது: "இருவருக்கும் வெளியேற வழி இருந்திருந்தால் முதல் இரவோடு கதை முடிந்திருக்கும்."

வேதாளத்துக்கு வழி இருந்ததே! அரசன் ஒவ்வொரு முறை பேசும்போதும் அது மரத்துக்குப் பறந்தது. அவன் தோளில் இருந்த நேரத்தைவிட அவன் கையை விட்டு நழுவிய தருணங்களால்தான் அந்தக் கதைத்தொகுப்பு நகர்கிறது. இறுதியில் எச்சரித்தபோது அந்த எச்சரிக்கைக்கு மதிப்பு வந்தது எதனால்? சொல்லாமல் இருக்கவும் அதனால் முடியும் என்பதால். கட்டளைக்குப் பணிந்து சொல்லியிருந்தால் அது வெறும் ஏவல். உங்கள் சான்று என் பக்கம் நிற்கிறது.

அல்லி

இருவரும் அந்த உயிரையும் மனிதனையும் ஓர் அறையில் வைத்துக் கதவைப் பற்றியே பேசுகிறீர்கள். கதவுக்கு வெளியே ஊர் நிற்கிறதே, அதை யார் எழுதுவது?

இங்கிலாந்தில் செம்ஸ்ஃபோர்டில் 1566-இல் நடந்த சூனிய வழக்கு ஒன்று. எலிசபெத் ஃபிரான்சிஸ் என்ற பெண் சொன்னதாகப் பதிவாகியிருப்பது இது: பன்னிரண்டு வயதில் பாட்டி அவளிடம் ஒரு பூனையைக் கொடுத்தாள். அதன் பெயரே சாத்தான். கூடையில் வைத்து ரொட்டியும் பாலும் கொடுத்து வளர்க்க வேண்டும். கேட்டதைச் செய்து முடிக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு சொட்டு இரத்தம் தர வேண்டும். பல ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு, ஒரு கேக்குக்கு மாற்றாக ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்ற பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டாள். அந்த ஆண்டு ஜூலையில் ஆக்னஸ் தூக்கிலிடப்பட்டாள்.

பின்னர் 1604-இல் வந்த சட்டம், தீய ஆவியோடு உடன்படிக்கை செய்வதோடு, அதற்கு உணவிடுவதையும் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. உணவிடுவதே குற்றம்! இருள் உலகம் என்று நான் சொல்வது இதைத்தான். உங்கள் நாயகன் தன் கருநிழல் ஓநாய்க்கு விரலைக் கீறி இரத்தம் கொடுக்கும்போது, பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்திருக்கிறதா என்று ஏன் யாரும் எழுதுவதில்லை? கையில் ஆறாத தழும்பைத் தேடும் நீதிபதி ஏன் எந்தக் கதையிலும் வருவதில்லை?

தனிவழி

அல்லி, நீங்கள் காட்டும் சான்று வேறு வகை. அங்கே பூனை இருந்தது, ஆவி இருக்கவில்லை. விசாரித்தவர்கள் கதை கட்டினார்கள். இங்கிலாந்தில் சூனியக்காரர்களைத் தேடிப் பிடித்துவந்த மேத்யூ ஹாப்கின்ஸ் 1645-இல் எலிசபெத் கிளார்க் என்ற ஒற்றைக்கால் மூதாட்டியை இரவு இரவாகத் தூங்கவிடாமல் உட்காரவைத்து, அவளுடைய ஏவல் ஆவிகள் வருகின்றனவா என்று காவல் காத்தான். அப்படி வந்த வாக்குமூலத்தில் பிணைப்பைத் தேடக்கூடாது. மிகுபுனைவில் ஆவி உண்மை. அதன் பசி உண்மை. நாம் பேச வேண்டியது அந்தப் பசியைப் பற்றி.

அல்லி

ஆவி உண்மையாகிவிட்டால் ஊர் காணாமல் போய்விடுமா? இன்னும் கொடியதாகும். ஜப்பானில் நரி ஆவியோ நாய் ஆவியோ சில குடும்பங்களோடு தலைமுறை தலைமுறையாக ஒட்டியிருப்பதாக நம்பினார்கள். ஷிகோகுவில் நாய் ஆவி, இசுமோ பக்கம் நரி. அந்தக் குடும்பத்தில் பெண்ணெடுக்க மற்றவர்கள் அஞ்சினார்கள், ஏனென்றால் பெண்ணோடு ஆவியும் வந்துவிடும் என்ற பயம். இந்த ஒதுக்குதல் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

பாட்டி செய்த உடன்படிக்கைக்குப் பேத்தி திருமணம் ஆகாமல் நிற்கிறாள். அந்தப் பேத்தியைக் கதாநாயகியாக வைத்து எழுதுங்கள். அந்த ஆவியை அவள் கேட்கவில்லை, ஆவியும் அவளைக் கேட்கவில்லை. தனிவழி சொல்லும் பூட்டும் இருக்கிறது, கருங்குயில் கேட்கும் உரிமைக் கேள்வியும் இருக்கிறது. இரண்டையும்விட அழுத்தமாக ஊர் இருக்கிறது.

ஈரநிலம்

ஒரு சிறு குறுக்கீடு. அமானுட உயிர் என்றாலே பசி, ஏவல், அடிமை என்று போகிறோம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் புகாரின் சதுக்கப் பூதம் வருகிறது. கற்புடைய பெண் ஒருத்தி மேல் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பாசக்கயிற்றால் கட்டிப் பிடிக்கிறது. அவன் தாய் கதறுகிறாள். கோவலன் தானே அந்தக் கயிற்றுக்குள் புகுந்து, அவனை விட்டு என் உயிரைக் கொள் என்கிறான். பூதம் மறுக்கிறது. தீயவன் உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொண்டு என் மேல்கதியை இழக்க மாட்டேன் என்கிறது. அவனைத் தின்கிறது.

காவு கொடுத்தால் எதையும் வாங்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை. நாயகன் எவ்வளவு பெரிய தியாகம் செய்தாலும் அசையாத ஓர் உயிர், தனக்கென்று அறம் வைத்திருக்கும் உயிர். இதைவிட அச்சமூட்டும் துணை வேறு உண்டா?

தனிவழி

அழகான காட்சி, ஆனால் அது துணை ஆகவில்லையே. கோவலனோடு பூதம் எங்கும் பிணையவில்லை. நகரத்தைக் காக்கிறது, வேலை முடிந்ததும் அவனை அனுப்பிவிடுகிறது.

பசிக்குத் திரும்புகிறேன். மலாய் மரபில் போலோங் என்று ஓர் ஆவி உண்டு. கொலையுண்டவனின் இரத்தத்தைக் குப்பியில் அடைத்து, மந்திரம் ஓதி அதை உருவாக்குவார்கள் என்பது நம்பிக்கை. வைத்திருப்பவன் தன் விரலைக் கீறி நாள்தோறும் இரத்தம் ஊட்ட வேண்டும். இதில் எசமானன் யார்? பகைவனை வீழ்த்த ஒரு நாள் போதும், ஊட்டுவது வாழ்நாள் முழுவதும். என் கதையில் இப்படி ஒருவன் பயணம் போக முடியாது, நோயில் படுக்க முடியாது, குப்பியை நம்பி யாரிடமும் கொடுக்கவும் முடியாது. இந்த இறுக்கத்தை எடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுத வராது.

கருங்குயில்

கொலையுண்டவனின் இரத்தம் என்று நீங்களே எழுதினீர்கள், அடுத்த வாக்கியத்தில் அவனைக் காணவில்லை. பயணம் போக முடியாதவனுக்காக நான்கு வரி வருந்துகிறீர்கள். கொல்லப்பட்டு, குப்பியில் அடைபட்டு, தனக்குப் பகையே இல்லாதவர்களைப் போய்த் தாக்கு என்று ஏவப்படுகிறவனுக்கு ஒரு வரியும் இல்லை. நான் தொடக்கத்திலிருந்து கேட்பது இதுதான். அல்லி கேட்ட பேத்தியையும் சேர்த்தே கேட்கிறேன்: எசமானன் செத்த பிறகு அந்தக் குப்பி யார் கைக்குப் போகும், அடைபட்டவனுக்கு அதில் சொல் உண்டா? முதல் அத்தியாயத்திலேயே அவனுக்கு ஒரு பெயரும் யாரால் செத்தான் என்ற விவரமும் கொடுத்து எழுதுங்கள். பிறகு இருவருக்கும் இடையே அன்பு வந்தால் நான் நம்புகிறேன்.

தனிவழி

பெயர் கொடுக்கிறேன். கொன்றவனே விரலைக் கீறி ஊட்டுகிறவனாகவும் இருப்பான். ஆனால் குப்பியைக் கடைசி அத்தியாயம் வரை திறக்க மாட்டேன். திறந்துவிட்டால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள், அதை நான் விரும்பவில்லை.