கூஃபு பிரமிடும் 22/7-உம்: எத்தனை முறைதான் சொல்வது?

முழக்கோல்:
எகிப்திய மன்னர் கூஃபுவின் பிரமிடை 'பை' என்ற எண்ணை (வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவது, ஏறத்தாழ 22/7) வைத்தே வரைந்தார்கள் என்று இங்கே ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அடிப்பக்கம் 440 அரச முழம், உயரம் 280 முழம். பாதிப் பக்கம் 220. ஒரு முழம் உயர்ந்தால் ஐந்தரைக் கையகலம் உள்வாங்க வேண்டும், அதுதான் செகெட், எகிப்தியர் சரிவைச் சொன்ன அளவு. கல் செதுக்குகிறவனுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வட்டப்பிரியன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். சுற்றளவு 1760. 280-ஆல் வகுத்தால் 44/7, அதாவது இரண்டு மடங்கு 22/7. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

முழக்கோல்:
ஒரு முழத்துக்கு 7 கையகலம். ஐந்தரையால் வகுத்தால் 14/11. அதை வைத்து எந்தப் பிரமிடைக் கட்டினாலும் 22/7 தானாக வரும். ஏழு முழக்கோலிலேயே இருக்கிறது ஐயா. எகிப்தியரின் கணக்குச் சுவடியான ரைண்ட் பாப்பிரஸைப் பாருங்கள்: விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து, மீதியை வர்க்கமாக்கினால் வட்டத்தின் பரப்பு. அதன்படி 3.16 வரும். 22/7 அதில் எங்கே இருக்கிறது?

வட்டப்பிரியன்:
அந்தப் பாப்பிரஸ் கி.மு. 1550-ஐ ஒட்டி எழுதப்பட்டது. கூஃபு அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியவர். உங்கள் செகெட் கணக்குகளும் அதே பாப்பிரஸில்தானே இருக்கின்றன? உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

பொன்விகிதன்:
இருவரும் தவறு. சாய்வு உயரம், அதாவது முகத்தின் நடுவே அடியிலிருந்து உச்சி வரை, 356 முழம். 220-ஆல் வகுத்தால் 1.618. பொன் விகிதம்! முகத்தின் பரப்பு உயரத்தின் வர்க்கத்துக்குச் சமம் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதியிருக்கிறார்.

முழக்கோல்:
எழுதவில்லை. ஒவ்வொரு பக்கமும் எட்டு பிளெத்ரா (கிரேக்க நீள அளவு), உயரமும் அதே அளவு என்றுதான் எழுதினார். பரப்பைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. மூலத்தைத் திறந்தே பார்க்காமல் மேற்கோள் காட்டுவது உங்கள் வழக்கம். ஓரியன் நட்சத்திர விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

பொன்விகிதன்:
பழைய பகையை இங்கே கொண்டுவராதீர்கள். அந்த விவாதத்தில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

நைல்கரை:
ஒரு சந்தேகம். 'அவர்களுக்குத் தெரிந்திருந்தது' என்று நீங்கள் சொல்வது எதை? எண்ணையா, விகிதத்தையா, கட்டும் முறையையா? அதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே.

வட்டப்பிரியன்:
22/7 கண்ணெதிரே நிற்கிறது. வரையறை எதற்கு?

முழக்கோல்:
கண்ணெதிரே நிற்பது 14/11. பொன் விகிதப்படி உயரம் 279.84 முழம், பை கணக்கில் 280.11, செகெட்டில் நேராக 280. மூன்றுக்கும் இடையே மொத்தமாகவே 14 சென்டிமீட்டர்தான் வேறுபாடு. உச்சிக்கல்லோ எப்போதோ போய்விட்டது. இன்று நிற்பது 138 மீட்டர் சொச்சம். இல்லாத உச்சியில் 14 சென்டிமீட்டரை யார் அளந்தார்கள்? பிரமிடு கட்டியவர்கள் பயன்படுத்தியதாகப் பியாசி ஸ்மித் சொன்ன 'பிரமிடு அங்குலம்' என்ற அளவைச் சோதிக்கத்தான் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1880-இல் இந்தப் பிரமிடு நிற்கும் கீசாவுக்குப் போனார். அளந்து முடித்தபோது அந்த அங்குலம் நிற்கவில்லை.

பொன்விகிதன்:
அதே பெட்ரி கூஃபுவின் பிரமிடில் பை விகிதத்தை ஏற்றுக்கொண்டவர். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள்.

வட்டப்பிரியன்:
நன்றி! பெட்ரியே என் பக்கம்!

பொன்விகிதன்:
உங்கள் பக்கம் என்று நான் சொல்லவில்லை. பொன் விகிதம்தான் சரி.

முழக்கோல்:
பெட்ரி சொன்னதற்காகச் செகெட் மாறிவிடாது. பக்கத்தில் நிற்கும், கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடுக்கு வாருங்கள். அங்கே செகெட் ஐந்தேகால், சரிவு 4/3. பையும் இல்லை, பொன் விகிதமும் இல்லை. தந்தைக்குத் தெரிந்த ரகசியத்தை மகன் மறந்துவிட்டானா? தஹ்ஷூரில் கூஃபுவின் தந்தை ஸ்னெஃப்ருவின் வளைந்த பிரமிடு 54 பாகையில் தொடங்கி, பாதியில் 43 ஆகிறது. எந்த எண்ணை மனத்தில் வைத்து அப்படி வளைத்தார்கள்? மெய்தூமில் உள்ள பிரமிடிலும் கூஃபுவின் அதே ஐந்தரைதான். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

வட்டப்பிரியன்:
மெய்தூமிலும் அதே சரிவு என்றால், அங்கேயும் 22/7 இருக்கிறது என்றுதானே பொருள்! என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

முழக்கோல்:
ஐந்தரைக் கையகலம். மறுபடியும் சொல்கிறேன், ஐந்தரை. காஃப்ரேக்கு இன்னும் பதில் வரவில்லை.

பொன்விகிதன்:
ஹெரோடோட்டஸின் எந்த மொழிபெயர்ப்பைப் படித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு காஃப்ரேயைப் பற்றிப் பேசலாம்.