கண்ணில் நீர் வழிகிறது, மருத்துவரோ கண் வறட்சி என்கிறார்: மூன்று ஆண்டுத் தொல்லைக்கு என்ன வழி?

மெய்ப்பு மேசை, சிவகாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. அச்சகம் ஒன்றில் 17 ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்து வருகிறேன். ஆடி பிறந்துவிட்டால் நாட்காட்டி வேலை குவிந்துவிடும். இராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் என்று எறும்பு ஊர்வது போன்ற எழுத்துகளை முதலில் கணினித் திரையிலும் பிறகு தாளிலும் வரி பிசகாமல் பார்த்தாக வேண்டும். குளிரூட்டிய அறையில் காற்று நேராக என் முகத்தில் படும்படிதான் இருக்கை அமைந்திருக்கிறது.

மூன்று ஆண்டுகளாகக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதைப் போன்ற உறுத்தல் இருக்கிறது. காலையில் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எழுத்து மங்குகிறது; இரண்டு முறை இமைத்தால் தெளிகிறது, சற்று நேரத்தில் மீண்டும் மங்குகிறது. கண்ணிலிருந்து நீர் வழிந்து மெய்ப்புத் தாளில் சொட்டிய நாள்களும் உண்டு. இப்படி நீர் கொட்டும் கண்ணை ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் ‘கண் வறட்சி’ என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தது எனக்கு விளங்கவே இல்லை. அந்த மருந்தை ஒரு நாளைக்கு எட்டு முறை விடுகிறேன். கண் சிவக்கும்போது மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வேறொரு சொட்டு மருந்தையும் விடுகிறேன். அரை மணி நேரத்தில் கண் வெளுத்துவிடும், மறுநாள் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். தும்மலுக்காகச் செட்டிரிசின் மாத்திரையும் ஒற்றைத் தலைவலிக்காக அமிட்ரிப்டிலின் மாத்திரையும் எடுத்து வருகிறேன். இது குணமாகக் கூடியதா, அல்லது வாழ்நாள் முழுவதும் இப்படித்தானா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

இமையோரம், கோயம்புத்தூர்

சகோதரிக்கு வணக்கம். நான் கண் பரிசோதகராக 22 ஆண்டுகள் பணியாற்றி வருபவன், மருத்துவர் அல்லன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் முடிவு சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவற்றிலேயே கவனிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நீர் வழியும் கண்ணும் வறண்ட கண்ணாக இருக்க முடியும். கருவிழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தில் நீர் மட்டும் இல்லை. அந்த நீரைக் கருவிழியோடு ஒட்ட வைக்கும் கோழை அடியிலும், நீர் ஆவியாகிவிடாமல் மூடி போலக் காக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் மேலேயும் இருக்கின்றன. அந்த எண்ணெயை, இமைகளுக்குள் வரிசையாக நிற்கும் மைபோமியன் சுரப்பிகள் சுரக்கின்றன; மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். 1666-ஆம் ஆண்டில் இவற்றை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மைபோம் என்பவரின் பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. இந்தச் சுரப்பிகள் அடைபட்டால் கண்ணீர் விரைவில் ஆவியாகிறது, கருவிழியில் ஆங்காங்கே வறண்ட திட்டுகள் தோன்றுகின்றன, அங்குள்ள நரம்புகள் துன்பத்தை மூளைக்குத் தெரிவிக்கின்றன, உடனே கண்ணீர்ச் சுரப்பி தண்ணீரைக் கொட்டுகிறது. வெங்காயம் அரியும்போது வருகிற நீரைப் போன்றதுதான் இதுவும். எண்ணெய் இல்லாத அந்த நீர் கன்னத்தில் வழிந்து போகுமே தவிர, கண்ணில் தங்காது.

ஆகவே உங்கள் முதல் தேவை, எந்தப் பகுதி பழுதாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான். நீர் போதாமல் வருகிற வறட்சி ஒரு வகை, நீர் இருந்தும் நில்லாமல் ஆவியாகும் வறட்சி இன்னொரு வகை; இரண்டும் சேர்ந்திருப்பவர்களும் பலர். இதைக் கண்டறியும் சோதனைகள் எளியவை. ஃப்ளோரசீன் என்னும் மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டுவிட்டு, இமைக்காமல் பார்க்கச் சொல்லி, பச்சையாக ஒளிரும் படலத்தில் முதல் கரும்புள்ளி எத்தனை வினாடியில் விழுகிறது என்று எண்ணுவோம். பத்து வினாடிக்குள் விழுந்தால் படலம் நிலையாக இல்லை என்று பொருள். பிறகு இமை விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல சுரப்பியிலிருந்து நல்லெண்ணெய் போலத் தெளிந்த துளி எழும். அடைபட்ட சுரப்பியிலிருந்து பற்பசையைப் பிதுக்கியது போன்ற வெள்ளைக் கட்டி வரும், அல்லது ஒன்றுமே வராது. ஷிர்மர் சோதனையை இவற்றுக்குப் பிறகு கடைசியாகச் செய்வதே முறை, ஏனெனில் கீழ் இமையில் மாட்டும் காகிதப் பட்டை கண்ணை உறுத்திப் படலத்தையே கலைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் பட்டை 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் நீர்ச் சுரப்பே குறைவு. இவற்றில் எதையும் செய்யாமல் எழுதப்பட்ட சொட்டு மருந்து அரைகுறை மருத்துவம்தான் என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

அடுத்தது, நீங்கள் விடும் மருந்துகள். கண்ணைச் சிவப்பு நீக்கி வெளுப்பாக்கும் அந்தக் கடை மருந்தை நிறுத்திவிடுங்கள். நாஃபசோலின் போன்ற மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கின்றன. வீரியம் தீர்ந்ததும் குழாய்கள் முன்னிலும் அதிகமாக விரிகின்றன. நீங்கள் பார்த்த மறுநாள் சிவப்பு அதுவாகவே இருக்கலாம். செயற்கைக் கண்ணீர்ப் புட்டியின் அட்டையையும் எடுத்துப் படியுங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்று இருந்தால், அது கிருமி சேராமல் காக்கும் பொருள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறைக்கு மேல், மாதக்கணக்கில் விட்டால் அதுவே கருவிழியின் மேல்தோலை அரிக்கும். எட்டு முறை விடுபவருக்குப் பாதுகாப்புப் பொருள் கலக்காத மருந்துதான் வேண்டும்; விலை சற்றுக் கூடுதல், ஆனால் தவிர்க்கக் கூடாத செலவு.

செட்டிரிசின், அமிட்ரிப்டிலின் ஆகிய இரண்டுமே கண்ணீரைக் குறைக்கக் கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் கண்ணின் நிலையைச் சொல்லி மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

தண்ணீர்ச் செம்பு, திருச்சி

அம்மா, மேலே ஐயா எழுதியவற்றோடு என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். நான் பள்ளி ஆசிரியை. ஆறு ஆண்டுகள் ‘வறட்சிதான், சொட்டு மருந்து விடுங்கள்’ என்பதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதே காலத்தில் இட்லியைக்கூடத் தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடியாமல் போயிற்று, ஈறோரமாக ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பற்கள் சொத்தையாயின, காலையில் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் பிடிக்க விரல் மடங்காது. கண்ணுக்கு ஒருவரையும் பல்லுக்கு ஒருவரையும் மூட்டுக்கு ஒருவரையும் பார்த்தேன். மூன்றையும் ஒன்றாக யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் ஓர் இளம் மருத்துவர் காகிதப் பட்டையை மாட்டினார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தபோது அது 2 மில்லிமீட்டர் மட்டுமே நனைந்திருந்தது. “வாயும் காய்கிறதா?” என்று அவர் கேட்டதும் நான் அங்கேயே அழுதுவிட்டேன், கண்ணில் நீர் வரவில்லை.

எனக்கிருப்பது ஷோக்ரன் நோய். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் விரிவாக ஆராய்ந்து எழுதியது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தக் கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்குகிறது. இந்நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் நடுவயதுப் பெண்கள் மிகுதி. வறண்ட கண் உள்ள எல்லோருக்கும் இது இருக்காது. உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. வாய் வறட்சி, மூட்டு வலி, காரணமில்லாத களைப்பு, காதோரச் சுரப்பி வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கேட்கப்படாவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிர்ப்புரத இரத்தப் பரிசோதனைக்கும் வாத நோய் மருத்துவருக்கும் அனுப்புவார்கள்.

மெய்ப்பு மேசை, சிவகாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டையைப் பார்த்தேன், ஐயா சொன்ன அந்தப் பெயர் அதில் இருக்கிறது. வாய் வறட்சியோ மூட்டு வலியோ எனக்கு இல்லை. நேற்று வேறொரு மருத்துவரிடம் சென்று, சோதனைகளைப் பெயர் சொல்லிக் கேட்டேன். சாயச் சோதனையில் வலக்கண் 4 வினாடி, இடக்கண் 5 வினாடி. காகிதப் பட்டை 13 மில்லிமீட்டர் நனைந்தது. இமையை அழுத்தியபோது வெள்ளையாகத்தான் வந்தது. சூடான ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தும் எழுதியிருக்கிறார். ஒத்தடத்தை எப்படிக் கொடுப்பது? முதல் சொட்டே நன்றாக எரிந்தது, தொடரலாமா? மாமியார் ஆமணக்கெண்ணெய் விடச் சொல்கிறார், நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடவும் சொல்கிறார்.

இமையோரம், கோயம்புத்தூர்

நீர்ச் சுரப்பு சரியாக இருக்கிறது, எண்ணெய்தான் கட்டிப்போயிருக்கிறது. இது நல்ல செய்தி. ஆனால் தினமும் உழைக்க வேண்டும்.

ஒத்தடத்தில் பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். உறைந்த எண்ணெய் இளக இமையில் ஏறத்தாழ 40 பாகைச் சூடு பத்து நிமிடம் நிற்க வேண்டும். நனைத்த துணியோ இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மூடியுள்ள ஹாட் பாக்ஸில் சுடுநீர் ஊற்றி, இரண்டு கைக்குட்டைகளை மாற்றி மாற்றி நனைத்துப் பிழிந்து வையுங்கள். முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துச் சூடு பொறுக்கும்படி இருந்தால் மட்டும் கண்ணில் வைக்கவும். ஒத்தடம் முடிந்த உடனே, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரல் நுனியால் மெல்ல நீவி, இமையோரத்தைத் துடைத்துவிடுங்கள். கண்மணியை அழுத்தக் கூடாது. முதல் மாதம் நாளுக்கு இருமுறை, பிறகு ஒருமுறை.

சைக்ளோஸ்போரின் தொடக்கத்தில் பலருக்கும் எரியும். செயற்கைக் கண்ணீரை விட்டுக் கால் மணி நேரம் கழித்து இதை விட்டால் பொறுத்துக்கொள்ளலாம். இது அழற்சியை மெதுவாகத் தணிக்கும் மருந்து. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம்கூட ஆகலாம். இரண்டாவது வாரத்தில் ‘பயனில்லை’ என்று கைவிட்டவர்களை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். எரிச்சல் தாங்க முடியாமல் போனால் எழுதிக் கொடுத்தவரிடமே சொல்லுங்கள். மாறாக, ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஒரே நாளில் இதமாக இருக்கும். மருத்துவர் குறித்த நாள்களுக்கு மேல் அதை விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும்.

மாமியார் அன்பினால் சொல்கிறார், அதை மதிக்கிறேன். ஆயினும் செடியிலிருந்து பிழிந்த சாற்றையும் சமையலறை எண்ணெயையும் கண்ணுக்குள் விடாதீர்கள். அவை கிருமி நீக்கப்பட்டவை அல்ல. உங்கள் கருவிழியின் மேல்தோல் ஏற்கெனவே புண்பட்டிருக்கலாம். அதில் பூஞ்சை புகுந்தால் பார்வையே போகக்கூடும். நம் ஊரில் பூஞ்சைக் கருவிழிப் புண் அரிதான நோய் இல்லை.

அலுவலகத்தில் குளிர்காற்று முகத்தில் படாதபடி இருக்கையைத் திருப்பச் சொல்லுங்கள். திரை கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருந்தால் இமை பாதி இறங்கியே இருக்கும். காற்றுப் படும் பரப்பு குறையும். நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கும் நாம் திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை, இமைப்பதும் பாதி மூடித் திறப்பதாகவே இருக்கிறது. ஒரு பக்கத் திருத்தம் முடியும்போதெல்லாம் கண்ணை முழுவதும் மூடி இரண்டு வினாடி வைத்துத் திறப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடலோரம், நாகப்பட்டினம்

எனக்கும் இதே வகைதான். மீன் எண்ணெய் மாத்திரைக்கு இரண்டு ஆண்டுகள் செலவழித்தேன். அமெரிக்காவில் 535 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருநாளைக்கு 3000 மில்லிகிராம் ஒமேகா-3 ஓராண்டு எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மத்திச் சாளையை விரும்பிச் சாப்பிடுங்கள், மாத்திரைக்கு அவசரப்பட வேண்டாம்.

மெய்ப்பு மேசை, சிவகாசி

ஹாட் பாக்ஸ் முறையை இன்று காலை செய்து பார்த்தேன். ஒட்டிய இமை வலியில்லாமல் திறந்தது. கடைசியாக ஒன்று மட்டும்: தினமும் கண்ணுக்கு மை இடுவேன். அதை விட வேண்டுமா?

இமையோரம், கோயம்புத்தூர்

இமை மயிருக்கு உட்புறமாக, ஈரம் படும் விளிம்பில் இடாதீர்கள். எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன, மை அவற்றை அடைக்கும். மயிர்க்கால்களுக்கு வெளியே மெல்லிய கோடாக இட்டு, இரவு ஒத்தடத்துக்கு முன் முழுவதும் துடைத்துவிடலாம். கண்ணில் கடும் வலியோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளியோ தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.