லயத்துக் காட்டேரியை எப்படி விரட்டுவது?

வணக்கம் உறவுகளே, இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். 1870களின் கோப்பித் தோட்டத்தில் நடக்கும் ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி இரத்தம் குடிக்கும் காட்டேரி. நாயகன் மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாக நடந்தே வந்தவன். 1869இல் தலைகாட்டிய இலைநோயில் கோப்பி சாகிறது, இவள் மட்டும் சாகாமல் நிற்கிறாள். அதுவரை சரி.

மேல்நாட்டுக் கதைகளின் சிலுவையும் பூண்டும்தான் லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், ஒட்டவில்லை. (பூண்டு ரசம் வைக்கிற வீட்டில் அவள் முதல் நாளே ஓடியிருப்பாள்!) உங்கள் அம்மாயிகள் காட்டேரியை எதைக் காட்டி விரட்டினார்கள்? வேப்பிலையா, விளக்குமாறா? அந்தக் காலத்தில் விடியுமுன்னே பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டும் காலை அணிவகுப்புக்கு) தப்பு அடிப்பார்களே, அந்தச் சத்தம் கேட்டு அவள் ஒளிவதாக எழுதினால் நம்புவீர்களா? வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.