ஷோபா பற்றிய பழைய இதழ்கள் யாரிடமாவது உண்டா?

வணக்கம். சிங்கப்பூர் ஈசூன் முதியோர் நிலையத்தில் அடுத்த மாதம் பழைய சினிமா பற்றி ஒரு மாலை வைக்கிறோம். இளம் வயதிலேயே போய்விட்ட நடிகைகளைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னுடையது.

சௌந்தர்யா பிரச்சினையில்லை. 2004 ஏப்ரலில் தேர்தல் பிரசாரத்துக்குக் கிளம்பிய சிறு விமானம் பெங்களூரு அருகே விழுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 19 வயதில் இறந்த திவ்யா பாரதி விஷயத்திலும் பிரச்சினையில்லை. அவர் 'நிலா பெண்ணே' என்ற தமிழ்ப் படத்தில் நடித்தவர் என்றால்தான் பலர் நம்பமாட்டார்கள். மோனிஷா 1992 டிசம்பரில் கார் விபத்தில் போனவர்.

சிக்கல் ஷோபாவிடம்தான். 'பசி'க்காகத் தேசிய விருது பெற்றவர், 1980 மே 1 அன்று இறந்தபோது வயது 17. ஆனால் இணையத்தில் எங்கே தேடினாலும் அவருடைய சாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள், நடிப்பைப் பற்றி அல்ல. எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

அதனால் அந்தக் காலத்து 'பேசும் படம்', 'பொம்மை' இதழ்கள் வைத்திருப்பவர்கள் அவருடைய பேட்டி, பட விமர்சனப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? இதழையே தருவதென்றால் தேக்காவில் வந்து வாங்கிக்கொண்டு, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அப்புறம், அவர் படங்களை இங்கே திரையரங்கில் பார்த்த அக்கா, அண்ணன்மார் யாராவது இருந்தால், எந்த அரங்கு, கூட்டம் எப்படி என்று கீழே எழுதுங்களேன்.