உயர்ரக கேமிங் பிசி பல வருஷம் உழைக்க: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள் (ஒவ்வொரு * * * குறிக்குப் பிறகும் வருவது வேறொருவரின் பதில்)

தெரிந்தவர்களுக்கு கேமிங் பிசி அசெம்பிள் செய்து கொடுப்பதும், தகராறு செய்தால் கழற்றிப் பார்ப்பதும் எனக்குப் பல வருஷப் பழக்கம். என் கைக்கு வந்தவற்றில் பிராசசரே செத்துப்போனது அபூர்வம். பவர் சப்ளை, காற்றோட்டம், அரைகுறையாக உட்கார்ந்த கேபிள், பெரும்பாலும் இந்த மூன்றில்தான் தொல்லை இருந்தது. வாங்கும்போது யாரும் அதிகம் விசாரிக்காத விஷயங்களும் இவைதான்.

ஒரு நண்பரின் பிசியைச் சொல்கிறேன். 320 வாட் கிராஃபிக்ஸ் கார்டு புதிதாகப் போட்டிருந்தார். கேம் ஓடும்போது ஒன்றும் ஆகாது. மெனுவுக்குப் போனாலோ, லோடிங் முடிந்து காட்சி தொடங்கினாலோ, மெயின் சுவிட்சை அணைத்த மாதிரி மொத்தமும் நின்றுவிடும். நீலத் திரைகூட வராது. விண்டோஸை மறுபடி போட்டுப் பார்த்தார், டிரைவரை மாற்றினார், ரேமைக் கழற்றி மாட்டினார். சூடு சாதாரணமாகவே இருந்தது. பிசிக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டை நெடுநேரம் ஓடவிட்டாலும் அசையவில்லை. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று மட்டும் பதிவாகியிருந்தது. முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

ஸ்ட்ரெஸ் டெஸ்டைத் தாங்குகிற பிசி மெனுவில் ஏன் அணைகிறது? அங்கேதான் துப்பு கிடைத்தது. ஸ்ட்ரெஸ் டெஸ்டில் கார்டு மின்சாரத்தைச் சீராக இழுக்கும். மெனுவிலும் லோடிங் முடியும் இடத்திலும் ஃபிரேம் எண்ணிக்கை சட்டென்று நூற்றுக்கணக்கில் ஏறும். அந்தச் சில மில்லி நொடிகளில் கார்டு தன் அறிவிக்கப்பட்ட வாட்டைத் தாண்டி நிறையவே இழுக்கும். பழைய வடிவமைப்புள்ள பவர் சப்ளை அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, பாதுகாப்புக்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும். சோதிப்பதற்காக ஃபிரேமுக்கு வரம்பு வைத்து, கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினோம். அணைவது நின்றது. பிறகு என்னிடம் இருந்த வேறு பவர் சப்ளையை மாட்டி, வரம்புகளை எல்லாம் எடுத்துவிட்டு ஓட்டினோம். அதோடு தொல்லை தீர்ந்தது.

இத்தனைக்கும் அந்தப் பழைய பவர் சப்ளையில் 80 பிளஸ் கோல்டு முத்திரை இருந்தது. அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் நல்லதா, திடீர் ஏற்றத்தைத் தாங்குமா என்பதற்கெல்லாம் அது சான்று இல்லை. 2022இல் பவர் சப்ளைகளுக்கு வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறைதான் இந்தத் திடீர் ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தது. அதன்படி, பெரிய கார்டுகளுக்கான பவர் சப்ளை தன் வாட் அளவைப் போல 2 மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும். ஆகவே இப்போது வாங்குகிறவர்கள் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1, கூடவே 10 வருஷ உத்தரவாதம், இரண்டையும் பார்த்து வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு அதன் நிறுவனமான என்விடியா சொல்வது 850 வாட், 5090க்கு 1000 வாட். அதற்குக் கீழே போகாதீர்கள்.

இன்னொன்று. பவர் சப்ளையை மாற்றினால் கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றி மாட்டும் வகை (மாடுலர்) கேபிளின் பவர் சப்ளை பக்க பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையில்கூட மாறும். பழைய கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், ஆன் செய்ததும் ஹார்டு டிஸ்க் எரிந்துபோகும்.

* * *

கேபிள் என்றதும் என் மச்சானின் பிசி ஞாபகம் வந்தது. பெரிய கார்டு, அதற்கு மின்சாரம் தரும் 16 பின் கனெக்டர். கண்ணாடிக் கதவை மூடினால் கேபிள் அழுந்தி, கனெக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது கார்டுக்கும் கனெக்டருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. கழற்றினோம். நல்லவேளை, பிளாஸ்டிக் உருகத் தொடங்கவில்லை.

2022இல் 4090 வந்த புதிதில் இந்தக் கனெக்டர் உருகிய படங்கள் உலகமெங்கும் சுற்றின. முழுதாக உள்ளே போகாததே பொதுவான காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு வந்த திருத்தப்பட்ட கனெக்டரில் இணைப்பை உணரும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். சரியாக உட்காரவில்லை என்றால் கார்டுக்கு மின்சாரமே கிடைக்காது என்பது ஏற்பாடு. இருந்தாலும் நான் இன்னமும் டார்ச் அடித்தே பார்க்கிறேன். கனெக்டரிலிருந்து 3.5 சென்டிமீட்டர் வரை கேபிள் நேராக வர வேண்டும், அதற்குப் பிறகுதான் வளைவு. கேபினெட்டின் அகலத்தை இதற்காகவே அளந்து வாங்குங்கள். சும்மா சும்மா கழற்றி மாட்டவும் வேண்டாம், அந்தக் கனெக்டர் 30 முறைக்குத்தான் கணக்கிடப்பட்டது.

* * *

நான் கூலர் பற்றிச் சொல்கிறேன். தங்கையின் பிசியில் தண்ணீர் கொதிப்பது போல் களகளவென்று சத்தம், பிராசசரும் 90 டிகிரியைத் தொடுகிறது என்றாள். போய்ப் பார்த்தால், லிக்விட் கூலரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் பொருத்தியிருந்தார்கள். பம்பு அதைவிட உயரத்தில். இந்தக் கூலர்களில் உள்ள திரவம் குழாய்ச் சுவர் வழியாக வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். குறைந்த இடத்தில் காற்று சேரும், காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். உயரமான இடம் பம்பு என்றால் பம்பு காற்றை அரைத்துக்கொண்டு ஓடும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் கூரைக்கு மாற்றினேன். சத்தமும் போனது, சூடும் இறங்கியது. முன்பக்கம்தான் வைக்க முடியும் என்றால், ரேடியேட்டரின் மேல் விளிம்பாவது பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும்.

பல வருஷம் உழைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு ஏர் கூலருக்கே. அதில் அசையும் பாகம் ஃபேன் மட்டும்தான், போனால் ஃபேனை மட்டும் மாற்றலாம். நாக்டுவா என்ஹெச்-டி15 கூலர் 2014இல் வந்தது, 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கும் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) அதைப் பொருத்த முடிகிறது. வாங்கும்போது இந்த மாதிரித் தொடர்ச்சி உள்ள பொருளாகத் தேடுங்கள். மதர்போர்டிலும் அப்படித்தான். 2017இல் ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசசருக்காக ஏஎம்4 போர்டு வாங்கிய பலர், 2022இல் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) மட்டும் அப்டேட் செய்து அதே போர்டில் புதிய ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசர் போட்டார்கள். ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கு அப்புறமும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருப்பதால், இன்று கேட்பவர்களுக்கு நான் அதையே சொல்கிறேன்.

* * *

தூசி பற்றி ஒரு வார்த்தை. காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை நான் பார்ப்பது சராசரிச் சூட்டை இல்லை, அதற்கும் சிப்பிலேயே அதிகம் சூடாகும் புள்ளியான ஹாட் ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளியை. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பல கார்டுகளுக்கு இரண்டும் தெரியும். புதிதாக இருந்தபோது 15 டிகிரியாக இருந்த இடைவெளி என் கார்டில் 30ஐத் தாண்டியது. சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சிப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. பேஸ்டுக்குப் பதிலாகச் சூட்டில் இளகும் ஃபேஸ் சேஞ்ச் ஷீட் ஒட்டினேன், இடைவெளி பழைய நிலைக்கு வந்துவிட்டது. புது கார்டு வாங்கியவர்கள் முதல் வாரமே இந்த எண்களைக் குறித்து வையுங்கள். ஒப்பிட எதுவும் இல்லாமல் பின்னால் தடுமாற வேண்டாம்.

* * *

எல்லோரும் ஹார்டுவேரையே பேசுகிறீர்கள், பயாஸ் அப்டேட்டைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. "ஓடுகிற பிசியில் பயாஸைத் தொடாதே" என்று என்னுடன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இன்னமும் சொல்கிறார். அது ஒரு காலத்தில் நல்ல அறிவுரைதான். இன்றைக்கு அது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. 2023இல் சில ரைசன் 7000 பிராசசர்கள் கருகியபோது, பிராசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது பயாஸ் அப்டேட்தான். 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் சீரழிந்த விவகாரமும் அப்படியே. பயாஸ் அப்டேட் வழியாக வரும் மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தத்தை இன்டெல் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் 2 வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை அந்த அப்டேட் குணப்படுத்தாது. அந்தத் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இன்னும் அப்டேட் செய்யவில்லை என்றால் இன்றே செய்யுங்கள். கேம் காரணமில்லாமல் கிராஷ் ஆகத் தொடங்கியிருந்தால், உத்தரவாதம் எதுவரை என்று பார்த்து பிராசசரை மாற்றக் கேளுங்கள்.

அண்ணனை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து அவர் பிசியை நானே அப்டேட் செய்து கொடுத்தேன். அப்டேட் முடிந்ததும் ரேம் வேகம், ஃபேன் வேகம், பூட் வரிசை எல்லாம் பழைய இயல்புநிலைக்குப் போய்விடும். அதனால் முதலில் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ மறுபடி ஆன் செய்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம், ஒரு படி குறைத்து மறுபடி சோதியுங்கள்.